கயிறு நீளட்டும், தொட்டி நிறையட்டும்

ஒரு லிட்டர் பால் சுரக்க, மாட்டின் மடி வழியாக 400 முதல் 500 லிட்டர் ரத்தம் பாய்ந்து திரும்ப வேண்டும். மாடு படுத்து அசைபோடும்போது இந்த ஓட்டம் கூடுகிறது. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். அதனால் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் மாட்டின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவருக்கே தெரிந்த பாடம் இது. ஆனால் தமிழ்நாட்டுத் தொழுவங்களை எட்டிப் பார்த்தால், பல மாடுகளுக்கு நாலடிக் கயிறு, ஈரம் காயாத சிமென்ட் தரை, காலையும் மாலையும் கழனித் தண்ணீர் வாளி வரும்போது மட்டும் குடிநீர். சித்திரை வெயிலில் காய்ந்து, இரவு முழுக்கத் தாகத்தோடு நின்ற மாடு விடிகாலையில் பாலைக் குறைக்கிறது. தீவனம் போதவில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் புண்ணாக்கைக் கூட்டுகிறார். மூட்டை மூட்டையாகப் பணம் போகிறது. எந்நேரமும் தண்ணீர் நிற்கும் ஒரு தொட்டி, அதற்கு ஒரு குழாய், கூடவே கயிற்றில் இன்னும் இரண்டடி நீளம். பல வீடுகளில் குறைந்த பாலை மீட்க இவ்வளவே போதும்.

2023-24இல் இந்தியா கறந்த பால் சுமார் 23.9 கோடி டன். உலகில் முதலிடம். அதில் பெரும்பகுதி சில மாடுகளே வைத்திருக்கும் சின்னச் சின்ன வீடுகளிலிருந்து வருகிறது. மழை பொய்த்த ஆண்டில் நிலமில்லாத குடும்பத்துக்கு அரிசி, மளிகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அந்தப் பால் பணத்தில்தான் ஓடுகின்றன. தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, புல் அறுத்து வருவது, கன்றைப் பார்ப்பது என்று இந்த வேலைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. மாடு நோயில் விழுந்தால் முதலில் நிற்பது அந்தப் பெண்ணின் கைக்காசு. அடுத்து நிற்பது வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்துவந்த பால்.

இதைத் தெரிந்துகொண்டுதான் அரசுகளும் ஏழைப் பெண்களுக்கு ஆடு மாடு கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய திட்டம், ஐந்தாண்டுகளில் 60,000 கறவை மாடுகளையும், ஏழு லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு வெள்ளாடு அல்லது செம்மறிகளையும் விலையில்லாமல் வழங்க இலக்கு வைத்தது. நல்ல நோக்கம். ஏழை வீட்டில் பெண்ணின் பெயரில் ஒரு சொத்து சேர்ந்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களை எல்லா அரசுகளும் எண்ணிக்கையால்தான் அளக்கின்றன. எத்தனை மாடு கொடுத்தோம், எத்தனை லிட்டர் கூடியது என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. கொடுத்த மாடு ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது, நிழலில் நிற்கிறதா, சினை பிடித்ததா, நொண்டுகிறதா என்று கேட்கும் படிவம் அரிது. கால்நடை வளர்ப்பு நிலைத்த வருமானம் ஆவதும், கடனில் முடிவதும் இந்தக் கேள்விகளைப் பொறுத்தவை.

உலக அரங்கிலும் இதே விடுபடல் நடந்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை வகுத்தபோது வறுமை, பசி, குடிநீர், பருவநிலை எல்லாம் பட்டியலில் ஏறின. கால்நடையின் நலன் ஏறவில்லை. ஸ்வீடனின் வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் அந்த இலக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, விலங்கு நலனோடு பொருத்திப் பார்த்தார்கள். தொடர்பே இல்லாத இலக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, விலங்கு நலனுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நிலைத்த வளர்ச்சிக்கும் உள்ள பிணைப்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஏழாண்டு தாமதம்தான், ஆனாலும் வரவேற்க வேண்டிய திருத்தம்.

விலங்கு நலன் என்றதும் கோசாலையும் பிராணி வதைத் தடுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அறிவியல் சொல்லும் பொருள் அதைவிட நடைமுறையானது. 1964இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி, பண்ணை விலங்குகளை இயந்திரமாக நடத்தும் முறையைத் தோலுரித்து ஒரு புத்தகம் எழுதினார். பிரிட்டன் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 1965இல் தந்த அறிக்கையிலிருந்து வளர்ந்தவைதான் இன்று உலகெங்கும் ஏற்கப்படும் ஐந்து விடுதலைகள். பசி தாகமின்றி இருக்க வேண்டும். உடலுக்கு வசதியான இடம் வேண்டும். வலியும் நோயும் அண்டக் கூடாது. அச்சம் கூடாது. தன் இயல்புப்படி நடக்க, திரும்ப, படுக்க இடம் வேண்டும். 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் இந்த ஐந்தையும் எடுத்துக்காட்டியது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர்கள் காளைக்காகத் தமிழ்நாட்டையே பேச வைத்தார்கள். அந்த அக்கறை தொழுவத்துக்குள் நிற்கும் பசுவின் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நீள வேண்டும்.

மடியிலிருந்து மருத்துவமனைக்கு

தரை ஈரமாக இருந்து, சாணி அள்ளாமல் கிடந்து, கறப்பவர் கையும் மடியும் கழுவப்படாமல் போனால், காம்பின் துளை வழியாகக் கிருமி ஏறுகிறது. மடி வீங்கிக் கல்லாகும். தொட்டால் சூடு தெரியும். பால் திரிதிரியாக, சில சமயம் ரத்தம் கலந்து வரும். வலி தாங்காமல் மாடு உதைக்கும், கன்றைக்கூட அண்டவிடாது. மடிநோய் என்று எல்லோரும் அறிந்த இதுதான் கறவை வைத்திருப்போரின் பெரிய பயம். ஒரு காம்பு அடைத்துப்போனால் அந்த மாட்டின் விலை சந்தையில் பாதியாகிவிடும்.

உடனே ஆன்டிபயாடிக் ஊசி. வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் மீதி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து போட்ட நாள்களிலும் அதற்குப் பின் குறிப்பிட்ட காலம் வரையிலும் கறக்கும் பாலை விற்கக் கூடாது என்பது விதி. இரண்டு மாடு மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு அது தாங்க முடியாத நட்டம். எனவே மருந்தின் மிச்சம் பாலோடு கலந்து குழந்தையின் டம்ளர் வரை போக வாய்ப்பிருக்கிறது. அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி, அடுத்த முறை மருந்துக்குக் கட்டுப்படாது. உலகில் விற்பனையாகும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் ஏறத்தாழ 73 சதவீதம் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கே போவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத தொற்றுகளால் 2019இல் மட்டும் நேரடியாக இறந்த மனிதர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு. ஈரத் தரைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் இடையே ஓடும் இந்தத் தொடரைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் அதன் மீது அலட்சியம்.

இதற்கு ஒரு விடையைத் தமிழ்நாட்டிலிருந்தே தந்தவர் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். தஞ்சாவூரிலிருந்து கிராமம் கிராமமாக வழங்கிவந்த மாட்டு வைத்தியத்தை அளவு, நேரம், பயன் என்று முறைப்படுத்தினார். மடிநோய்க்கு அவர் பரப்பிய முறையைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் கூடி விழுது ரத்தச் சிவப்பாகும். மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்து கொட்டிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் மடியைக் கழுவி, கறந்துவிட்டுத்தான் பூச வேண்டும். இப்படிப் பார்த்துக்கொள்ளும்போது பாதிப் பலன் அந்தச் சுத்தத்திலேயே கிடைக்கிறது என்று தோன்றுகிறது. தேசிய பால்வள வாரியம் இந்த முறைகளைப் பல மாநிலங்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறது. முற்றிய நோய்க்குக் கால்நடை மருத்துவர் வந்தே தீர வேண்டும். ஆரம்பத்திலேயே கவனித்தால் ஊசிக்கான தேவை குறையும் என்பதுதான் இதன் பெறுமதி.

வலிநிவாரணி கொன்ற பறவை

மாட்டுக்குப் போடும் மருந்து ஒரு நாட்டின் சுகாதாரத்தையே புரட்டிப்போட்ட கதையும் இந்தியாவில் நடந்தது. வீங்கிய மடி, நொண்டும் கால், வண்டியிழுத்து நொந்த தோள் என்று எதற்கும் டைக்ளோஃபெனாக் ஊசி போடும் வழக்கம் 1990களில் பரவியது. விலை மலிவு, உடனே வலி குறையும். மாட்டின் மேல் இரக்கப்பட்டுத்தான் போட்டார்கள். ஊசி போட்ட சில நாளில் இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்கி, உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைப் பொடியாகப் படிந்தது. கழுத்து தொங்கி, கிளையிலேயே உட்கார்ந்தபடி செத்து விழுந்தன.

காரணம் தெரியவே பல ஆண்டு பிடித்தது. கிருமி என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரின் குழு, பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்து, 2004இல் நேச்சர் இதழில் டைக்ளோஃபெனாக்கைக் குற்றவாளியாக நிறுத்தியது. அதற்குள் வெண்முதுகுப் பாறு கழுகுகள் இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன.

கழுகு போனால் என்ன? ஊர் எல்லையில் போடப்பட்ட மாட்டுச் சடலத்தை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிய கூட்டம் இல்லாமல் போனது. சடலம் அழுகி நீர்நிலைகளில் கலந்தது. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் கூடியது. எயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரு பொருளியலாளர்கள், கழுகுகள் முன்பு நிறைந்திருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரை, கழுகுகள் அழிந்ததால் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். சூழலியலுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் நடுவே மாட்டுத் தொழுவம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியின் அளவு 3 மில்லியாகச் சுருக்கப்பட்டது. 2023இல் கீட்டோப்ரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகம் மாட்டின் வலியையும் குறைக்கிறது, கழுகையும் கொல்வதில்லை. நீலகிரி அடிவாரத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சிய கழுகுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அங்கே அருளகம் அமைப்பினர் மருந்துக் கடைக்காரர்களையும் மாடு வளர்ப்போரையும் தேடிப்போய் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள்.

கூரையும் கொறங்காடும்

பருவநிலைப் பேச்சில் மாடு எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 12 சதவீதம் கால்நடைத் துறையிலிருந்து வருவதாக உணவு, வேளாண் அமைப்பு 2023இல் கணக்கிட்டது. அதே அறிக்கை, வாயுவைக் குறைக்கும் வழிகளில் விலங்கின் ஆரோக்கியத்தையும் உற்பத்தித் திறனையும் முன்னால் வைத்தது. நோயுற்ற மாடும் சினை பிடிக்காத மாடும் தீனி தின்கின்றன, மீத்தேன் விடுகின்றன, பால் மட்டும் தருவதில்லை. கன்றுகள் சின்னதிலேயே சாகும் பண்ணையில், அதே அளவு பாலுக்கு அதிக மாடுகள் வேண்டியிருக்கிறது. இருக்கிற மாட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டால் தலைக்கணக்கைக் கூட்டாமலே பால் கூடும்.

வெயிலும் ஏறிக்கொண்டே போகிறது. கலப்பின ஜெர்சி, ஹோல்ஸ்டீன் மாடுகள் குளிர்நாட்டு ரத்தம். அவற்றை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே கட்டினால் பிற்பகலில் நாக்கு தள்ளி மூச்சு வாங்கும். தீனி இறங்காது, சினை தங்காது. ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பது, தென்னங்கீற்று பரப்புவது, பக்கத்தில் ஒரு வேம்பு நடுவது எல்லாம் மலிவான வேலைகள். உழைக்கும் மாட்டுக்குச் சட்டமே பாதுகாப்பு தந்திருக்கிறது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி மாட்டைப் பூட்டக் கூடாது என்பது 1965ஆம் ஆண்டு விதி. அது எழுதப்பட்டு அறுபது கோடைகள் கடந்துவிட்டன. மதிய வெயிலில் செங்கல், மணல் ஏற்றிய வண்டிகளை இன்னும் சாலையில் பார்க்க முடிகிறது.

வறண்ட நிலத்தில் மாட்டை எப்படி வைத்திருப்பது என்பதற்குக் கொங்கு நாட்டின் கொறங்காடு நல்ல பாடம். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் முள்கிலுவை வேலிக்குள் மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். ஒரு துண்டில் மாடுகளும் மேச்சேரிச் செம்மறிகளும் மேயும்போது அடுத்த துண்டில் புல் தழைக்கும். மாட்டுக்குக் கயிறு கிடையாது. மர நிழலில் படுக்கும், தொட்டியில் குடிக்கும். உதிரும் வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. சாணமும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே உரம். ஐந்து விடுதலைகள் எழுதப்படும் முன்பே அவற்றில் பெரும்பாலானவை இந்த வேலிக்குள் நடைமுறையில் இருந்தன. டிராக்டரும் பம்ப்செட்டும் வந்து காளையின் வேலை போனதும், நில விலை ஏறி மனையாக விற்றதும் கொறங்காட்டைச் சுருக்கின. எஞ்சியிருப்பதைக் காப்பது காங்கயம் இனத்தை மட்டுமின்றி, மழை குறைந்த மண்ணையும் காப்பாற்றும் வேலை.

கோழிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கோழி எண்ணிக்கையில் 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, சுமார் 12 கோடி. முட்டை என்றால் நாமக்கல். சத்துணவுத் தட்டில் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும் முட்டையின் மதிப்பு யாரும் மறுக்க முடியாதது. ஆனால் கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது. நெருக்கத்தில் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் பரவும் என்பதால் முன்கூட்டியே மருந்து போகிறது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டினையே கோழித் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. வெற்றுக் கம்பிக் கூண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012இலேயே ஒழித்துவிட்டது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் இங்கும் மாற்றம் கேட்டது. முட்டை விலை சில காசு ஏறும் என்பது உண்மைதான். அந்தச் சுமையைப் பண்ணைக்காரர் மேல் மட்டும் ஏற்றாமல், கொள்முதல் விலையில் அரசும் பங்கெடுத்தால் மாற்றம் நடக்கும்.

சட்டத்தைப் பற்றிப் பேசினால் ருக்மிணி தேவி அருண்டேலைச் சொல்லாமல் இருக்க முடியாது. கலாக்ஷேத்ராவை நிறுவிய அவர், மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே குழு அமைத்து ஆராயும் என்று நேரு உறுதி தர, மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்தக் குழுவின் வழியே வந்ததுதான் 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அன்றைக்கு அது ஒரு தொகை. இன்று சந்தையில் ஒரு டீயும் வடையும் வாங்கினால் அதில் பாதி போய்விடும். லாரியில் ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் விட வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 2016 முதல் சொல்கிறது. மீறினால் வலிக்கும் தண்டனை இல்லாதவரை மாடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கொம்பும் காலும் முறிந்துதான் இறங்கும். பயத்திலும் களைப்பிலும் வெட்டுக்குப் போகும் விலங்கின் இறைச்சி கறுத்து, சீக்கிரம் கெடும். அந்த நட்டம் வியாபாரிக்கும் உண்டு.

செய்தால் முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. நூற்றாண்டுகளாக மாட்டுக் கூட்டங்களையே வாரிக்கொண்டுபோன வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்து முற்றாக ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்த இரண்டாவது நோய் அது. இந்தியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1995இல். தடுப்பூசிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன கால்நடை ஊழியர்களின் உழைப்பு அது. அடுத்த குறி ஆட்டுக்கொல்லி நோய். 2030க்குள் ஒழிப்பதென்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஒரு ஊசி போட்டால் மூன்று ஆண்டுக்குப் பாதுகாப்பு. இருக்கிற நாலு ஆடும் ஒரே வாரத்தில் செத்துப்போகும் ஏழைப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய காப்பீடு எதுவும் இல்லை. கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் எதிராக 13,343 கோடி ரூபாய்த் திட்டம் 2019இல் மதுராவில் தொடங்கப்பட்டது. தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் மாட்டை ஓட்டிவர வேண்டியது நம் பங்கு.

2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மேய்ச்சல் சமூகங்களின் விவரமும் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. புலிக்குளம் கிடை மாடுகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் கீதாரிகள் இதுவரை எந்தக் கணக்கிலும் வராதவர்கள். அவர்களின் மந்தைக்கு வழியில் தண்ணீர் கிடைக்கும் இடங்கள், மேய்ச்சல் புறம்போக்கு, நடமாடும் மருத்துவ வண்டி ஆகியவற்றைத் திட்டமிட இனி ஓர் ஆதாரம் கிடைக்கும். அதே போல, கறவை மாட்டுக் கடன் தரும் வங்கியும் மானியம் தரும் துறையும் தங்கள் விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள் சேர்க்கலாம். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்குமா? கூரை எதனால் ஆனது? கயிறு எத்தனை அடி? பதில் சரியில்லாதவரைத் தள்ளிவிட வேண்டாம். மாட்டோடு சேர்த்துத் தொட்டிக்கும் நிழலுக்கும் பணம் ஒதுக்கினால் போதும், ஒரு மாட்டின் விலையில் அது மிகச் சிறிய பங்கு.